‘வெறும் பாக்குதானே!’ என்கிறார் மாமியார்

கேள்வி: “என் மாமியாருக்கு 62 வயது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வெற்றிலை பாக்கு போடுகிறார். புகையிலையை 10 வருடத்துக்கு முன்பே விட்டுவிட்டார். இப்போது வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மட்டும்தான். ஆறு மாதமாகக் குழம்பில் கொஞ்சம் காரம் இருந்தாலும் வாய் எரிகிறது என்கிறார். சோற்றைச் சின்ன உருண்டையாகப் பிடித்தால்தான் வாய்க்குள் போகிறது. ‘புகையிலைதான் கெடுதல், இது வெறும் பாக்குதானே! வெத்தலையில ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்குதுன்னு செல்போன்லயே சொல்றாங்க’ என்று எங்கள் பேச்சை அடக்கிவிடுகிறார். என் கணவர் 1,800 ரூபாய் கொடுத்து ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை டப்பா ஒன்று வாங்கி வந்திருக்கிறார். ‘இது செல் சேதத்தைத் தடுக்கும், கேன்சர் வராது’ என்று விற்றவர் சொன்னாராம். கொடுக்கலாமா? நாங்களே இரண்டு ஏக்கரில் பாக்கு வைத்திருக்கிறோம். அதனால் இதை யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை.”

- ஒரு வாசகி, வாழப்பாடி, சேலம் மாவட்டம்.

பதில்: சகோதரி, மாத்திரை டப்பாவைத் திறக்க வேண்டாம். கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டால் கொடுத்துவிடுங்கள். இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் வாரத்திலேயே மாமியாரை ஒரு பல் மருத்துவரிடம் அழைத்துப் போய் வாயைக் காட்டுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஏன் இந்த அவசரம்? வாய் எரிச்சலுக்கு ரத்தசோகை, வைட்டமின் குறைவு என்று பல காரணங்கள் உண்டு. ஆனால், எரிச்சலோடு வாய் திறப்பதும் குறைந்து, பாக்குப் பழக்கமும் இருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது வாயின் உள்தோல் இறுகிப்போகும் நோயை. மருத்துவர்கள் சீட்டில் ஓ.எஸ்.எம்.எஃப் என்று எழுதுவார்கள். கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து, விரலால் தடவினால் கயிறு கயிறாகத் தட்டுப்படும். இது புற்றுநோய் இல்லை. ஆனால், புற்றுநோய் முளைக்கக்கூடிய மண். கேரளாவின் எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்த நோய் இருந்த 66 பேரை 17 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 5 பேருக்கு வாய்ப்புற்று வந்தது. 61 பேருக்கு வரவில்லை என்பதையும் மாமியாரிடம் சேர்த்தே சொல்லுங்கள். பயமுறுத்தி யாரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக முடியாது; அழைத்துப் போனாலும் பாதி வழியில் இறங்கிவிடுவார்கள்.

இனி ‘வெறும் பாக்குதானே’ என்ற பேச்சுக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, புகையிலை சேர்த்த வெற்றிலை பாக்கை 1985-லேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சொல்லிவிட்டது. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கைப் பற்றி முடிவு சொல்ல அதற்கு இன்னும் சில ஆண்டுகள் பிடித்தன. 2004-ல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை இல்லாவிட்டாலும் புற்று வரும், பாக்கே புற்றுநோய்ப் பொருள்தான் என்று உறுதியாகச் சொன்னது. அதற்குத் தைவான் நாடு பெரிய சாட்சி. அங்கே புகையிலை கலக்காமல் பாக்கும் சுண்ணாம்பும் மெல்லுவதுதான் வழக்கம். வாய்ப்புற்று அங்கேயும் தாராளமாக வந்தது. பப்புவா நியூகினியில் பாக்கைத் தனியாக மென்றுகொண்டே, சுண்ணாம்பைத் தொட்டு வாயின் ஓரத்தில் வைப்பார்கள். அங்கே புற்று பெரும்பாலும் அந்தச் சுண்ணாம்பு படும் கடைவாய்ப் பக்கமே வந்ததை மருத்துவர்கள் கண்டார்கள்.

அப்படியென்றால் பாக்கும் சுண்ணாம்பும் சேரும்போது வாய்க்குள் என்னதான் நடக்கிறது? உங்கள் மாமியார் சொல்லும் ‘ஆன்டிஆக்ஸிடன்ட்’ கதையும் இங்கேதான் அடங்கியிருக்கிறது.

கத்தரிக்காயை நறுக்கி வைத்தால் கொஞ்ச நேரத்தில் கறுத்துப்போகும். காயில் இருக்கும் பாலிஃபினால் என்ற துவர்ப்புப் பொருள் காற்றில் இருக்கும் ஆக்ஸிஜனோடு சேர்வதால் வரும் நிறம் அது. பாக்கின் துவர்ப்பும் இதே வகைப் பொருள்தான். இனி மண் பரிசோதனை அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். பி.எச் 8.5-ஐத் தாண்டினால் களர் என்று கவலைப்படுகிறோம். சுண்ணாம்புக் குழம்பின் பி.எச் 12-க்கும் மேல். அந்தக் களர்த்தன்மை பட்டதும், பாக்கின் துவர்ப்பு மளமளவென்று ஆக்ஸிஜனோடு சேர்கிறது. அப்போது வரும் நிறம்தான் சிவப்பு. வாய் நன்றாகச் சிவந்தால் வீட்டுக்காரருக்கு ஆசை அதிகம் என்று நம் ஊரில் கிண்டல் செய்வோமே, அந்தச் சிவப்பு வாய்க்குள் ஒரு ரசாயன மாற்றம் நடந்து முடிந்ததற்கான அடையாளம்.

நிறம் மட்டும் வந்தால் பரவாயில்லை. அந்த மாற்றத்தின்போது கழிவாக ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. புண்ணில் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு வருமே, அதே பொருள்தான். பாக்கில் மற்ற கொட்டைகளைவிடச் செம்புச் சத்து அதிகம். செம்பும் இரும்பும் அந்தப் பெராக்சைடை உடைத்து, ஹைட்ராக்ஸில் என்ற துண்டாக மாற்றுகின்றன. அதற்கு ஆயுள் கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. ஆனால், இருக்கும் அந்த நொடிக்குள் பக்கத்தில் எது இருக்கிறதோ அதைக் கடித்துவிடும். இப்படிப்பட்டவற்றைத்தான் ஃப்ரீ ராடிக்கல் என்கிறார்கள். இவை உண்டாகும் அளவு, உடல் அடக்கக்கூடிய அளவைத் தாண்டிவிடுவதுதான் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ். இதில் மன அழுத்தம் எதுவும் இல்லை. பெயரைக் கேட்டுவிட்டு, ‘கவலைப்படாமல் இருந்தால் சரியாகுமா டாக்டர்?’ என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு.

வெற்றிலை போடுபவர்களின் எச்சிலை எடுத்துச் சோதித்து, இந்த ஹைட்ராக்ஸில் வாய்க்குள் உண்டாவதை ஆராய்ச்சியாளர்கள் உறுதி செய்திருக்கிறார்கள். சுண்ணாம்பு கூடக்கூட அதுவும் கூடுகிறது. ஆக, எந்தத் துவர்ப்புப் பொருளை டீத்தூள் பாக்கெட்டில் ‘ஆன்டிஆக்ஸிடன்ட்’ என்று பெருமையாக அச்சடிக்கிறார்களோ, அதே வகைப் பொருள் சுண்ணாம்போடு சேர்ந்தால் நேர் எதிராக வேலை செய்கிறது. வெற்றிலையில் நல்ல பொருட்கள் இருப்பது உண்மைதான். ஆனால், அது மடிப்பு. உள்ளே வைத்து மடிப்பது வேறு.

கடிபடுவதில் முக்கியமானது டி.என்.ஏ. செல்லுக்குள் இருக்கும் விதைநெல் என்று வைத்துக்கொள்ளுங்கள். செல் என்ன செய்ய வேண்டும், எப்போது பெருக வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் நான்கே எழுத்துகளில் அதில் எழுதியிருக்கிறது. அந்த நான்கில் குவானின் என்ற எழுத்துதான் ஆக்ஸிஜன் கடிக்கு எளிதில் அகப்படும். கடிபட்ட குவானினுக்கு எதிரே சரியான ஜோடிக்குப் பதிலாகத் தப்பான ஜோடி உட்கார வாய்ப்பு உண்டு. செல் இரண்டாகப் பிரியும்போது அந்தப் பிழை நகலாகி நிலைத்துவிடும். பிறகு அது சேதம் அல்ல, புது எழுத்து. உடம்பு அதைத் திருத்தாது.

இதைக் கேட்டதும் பதற வேண்டாம். நாம் மூச்சு விடுவதாலேயே ஒவ்வொரு செல்லிலும் நாள்தோறும் ஆயிரக்கணக்கில் இந்தச் சேதம் நடக்கிறது. பாக்கு போடாதவருக்கும் நடக்கிறது. கெட்ட எழுத்தை வெட்டி எடுத்து நல்ல எழுத்தை வைக்கும் நொதிகள் இரவு பகலாக வேலை செய்கின்றன. அதையும் மீறி விட்டுப்போனவற்றைக் கவனிக்க, பி53 என்று ஒரு மரபணு இருக்கிறது. விதைநெல் வயலில் கலவன் பயிரைப் பார்த்துப் பார்த்துப் பிடுங்குவோமே, அந்தக் கண் அது. சேதமடைந்த செல்லைப் பிரிய விடாமல் நிறுத்தும். திருத்த முடியாவிட்டால் செல்லையே சாகச் சொல்லும். ஒரே ஒரு பிழையால் புற்று வருவதில்லை. முக்கியமான பல இடங்களில் பிழைகள் சேர வேண்டும். அதில் ஒன்று பி53-லேயே விழுந்துவிட்டால், கலவன் பிடுங்க ஆளில்லாத வயல் ஆகிவிடும். அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். இளவயதில் ஆரம்பித்த பழக்கத்துக்கு 50 வயதுக்கு மேல் பில் வருவது அதனால்தான்.

பாக்குப் பழக்கம் இந்த ஆண்டுகளைச் சுருக்குகிறது. கரடுமுரடான பாக்கு கன்னத்தைத் தினமும் உரசுகிறது, சுண்ணாம்பு வேக வைக்கிறது. புண்ணை ஆற்ற அங்கே செல்கள் வேகவேகமாகப் பெருக வேண்டியிருக்கிறது. சேதமான டி.என்.ஏ-வைத் திருத்த நேரம் கிடைப்பதற்குள் நகல் எடுக்கப்படுகிறது. புண் இருக்கும் இடத்துக்கு வெள்ளை அணுக்கள் வருகின்றன. கிருமியைக் கொல்ல அவை கையில் எடுக்கும் ஆயுதமும் இதே பெராக்சைடு வகைதான். போதாக்குறைக்கு, பாக்கில் இருக்கும் அரிகோலின் எச்சிலில் வேறு சில நச்சுகளாக மாறி நேரடியாகவும் டி.என்.ஏ-வில் ஒட்டுகிறது; உள்தோலில் நார்களை அதிகம் உண்டாக்கி இறுக வைப்பதிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

‘சேதம் செய்வது ஆக்ஸிஜன் கடி என்றால், அதைத் தடுக்கும் மாத்திரை நல்லதுதானே?’ என்று உங்கள் கணவர் கேட்பார். நியாயமான கேள்வி. பெரிய பெரிய ஆராய்ச்சியாளர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். பின்லாந்து நாட்டில் 1985-ல் தொடங்கி, புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்துச் சோதித்தார்கள். சிலருக்குக் கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டீனை மாத்திரையாகவும், சிலருக்கு வைட்டமின் ஈ-யும், சிலருக்கு இரண்டும், மற்றவர்களுக்கு வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். 1994-ல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டீன் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்று குறையவில்லை, 18 சதவிகிதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் நடந்த இன்னொரு சோதனையில் பீட்டா கரோட்டீனோடு வைட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்தார்கள். அங்கே 28 சதவிகிதம் கூடியதைப் பார்த்து, 1996-ல் சோதனையையே பாதியில் நிறுத்தினார்கள்.

அதற்குக் காரணம் ஒன்றிரண்டு அல்ல. ஒன்றைச் சொல்கிறேன். கெட்டுப்போன செல்லும் ஒரு செல்தான். அளவு மீறிப் பெருகுவதால் அதற்கும் ஆக்ஸிஜன் கடியின் தொல்லை உண்டு. நாம் கொட்டும் மாத்திரை நல்ல செல்லுக்கு மட்டும் போய்ச் சேராது, அதற்கும் குடை பிடிக்கும். வயலுக்கு உரம் போட்டால் களையும்தானே சேர்ந்து வளரும்! கீரை, பழம், காய் சாப்பிடுவது வேறு விஷயம். அதில் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை. 1,800 ரூபாய்க்கு நெல்லிக்காயும் முருங்கைக்கீரையும் வாங்கினால் வீடே சில மாதம் சாப்பிடலாம். முருங்கைக்கீரை உங்கள் வேலியிலேயே இருக்கும்.

ஒரு விளக்கம். வாய் இறுக்க நோய்க்குப் பல் மருத்துவரே லைகோபீன் போன்ற மாத்திரை எழுதித் தரலாம். எரிச்சல் குறையவும், வாய் கொஞ்சம் திறக்கவும் அது உதவும். அதைச் சாப்பிடச் சொல்லுங்கள். ‘மாத்திரைதான் சாப்பிடுகிறேனே, பாக்கு போட்டால் என்ன?’ என்ற இடத்துக்குப் போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கூரை ஒழுகும்போது ஓட்டையை அடைக்காமல் கீழே குண்டான் வைப்பது போலத்தான் அது.

பாக்கை நிறுத்துவது சுலபம் என்று நான் சொல்ல மாட்டேன். என் அம்மாயி சுருக்குப் பையை இடுப்பிலிருந்து இறக்கியதே இல்லை. விடியற்காலையில் கஞ்சியோடு நடவுக்குப் போனால் மதியச் சோறு மூன்று மணிக்கு. நடுவில் பசியைத் தாங்க வைத்தது அந்த ஒரு மடிப்புதான். நம் அம்மாக்கள் பலருக்கு இப்படித்தான் பழக்கம் வந்தது. அரிகோலின் மூளையையும் பழக்கப்படுத்தும் பொருள் என்பதால், திடீரென்று நிறுத்தினால் தலைவலி, சோர்வு, எரிச்சல் எல்லாம் சில நாட்கள் வரும். அந்த நாட்களில் யாரும் திட்ட வேண்டாம். சோம்பு, கிராம்பு, ஏலக்காய் கையில் கொடுங்கள். சுண்ணாம்பு டப்பாவை முதல் நாளே எடுத்து வைத்துவிடுங்கள். ‘சுண்ணாம்பில்லாமல் வெறும் பாக்கு மட்டும் போட்டுக்கிறேன்’ என்று பேரம் பேசுவார். கெடுதல் கொஞ்சம் குறையலாம், அரிகோலின் அங்கேயேதான் இருக்கும். ஒத்துக்கொள்ள வேண்டாம். நிறுத்தினாலும் இறுகிய தோல் முழுசாகப் பழையபடி ஆகாது. ஆனால், மேலும் இறுகுவதைத் தடுக்கலாம், டி.என்.ஏ-வுக்குப் புதுச் சேதம் வருவது குறையும். ஆண்டுகள் போகப் போகப் புற்று வரும் வாய்ப்பும் குறையும். 62 வயதில் நிறுத்தினாலும் லாபம்தான்.

இன்னொரு விஷயம்: வாயைப் பார்ப்பதற்கு ஸ்கேன், மெஷின் எதுவும் வேண்டாம். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் தொடங்கி ஒரு பெரிய சோதனை செய்தார்கள். 35 வயதைத் தாண்டிய ஏறக்குறைய 1,92,000 பேர் இருந்த ஊர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் மட்டும் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். அவர்கள் மருத்துவர்கள்கூட இல்லை. 2005-ல் வெளியான முடிவுப்படி, புகையிலை, மது பழக்கம் இருந்தவர்களில் வாய்ப்புற்றால் சாவது, பார்த்த ஊர்களில் 34 சதவிகிதம் குறைவு. வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்த்ததற்கு இவ்வளவு பலன்.

நீங்களும் வீட்டில் செய்யலாம். வாசல் வெளிச்சத்தில் உட்கார வைத்து, கன்னத்தின் இரண்டு உள்பக்கம், உதட்டின் உள்பக்கம், நாக்கின் இரண்டு ஓரம், நாக்குக்கு அடிப்பக்கம் என்று பாருங்கள். துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் மாதிரிச் சிவந்த திட்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், கட்டி இவற்றில் எது தெரிந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. சிவப்புத் திட்டுதான் வெள்ளையைவிட அதிகம் பயப்பட வேண்டியது. அவருடைய மூன்று விரலைச் செங்குத்தாக அவர் வாயிலேயே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று விரல் போகவில்லை என்றால் வாய் திறப்பது குறைந்திருக்கிறது. வலிக்கவில்லை என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வாய்ப்புற்று ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

30 வயதைத் தாண்டியவர்களுக்கு வாயைப் பரிசோதிப்பது அரசின் தொற்றா நோய்த் திட்டத்திலேயே இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அங்கே சந்தேகப்பட்டால் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் மருத்துவப் பிரிவுக்கு அனுப்புவார்கள். சின்னத் துண்டு சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றால் சம்மதியுங்கள். ‘கத்தி பட்டால் பரவிவிடும்’ என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். அது தவறு. சோதிக்காமல் வைத்திருந்து முற்றிய பிறகு வந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒருவேளை புற்று என்றே தெரிந்தாலும், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையில் சிகிச்சைக்கு வழி இருக்கிறது.

கடைசியாக உங்கள் இரண்டு ஏக்கர். கடிதத்தில் அந்த ஒரு வரியை எழுதத் தயங்கியிருப்பீர்கள் என்று தெரிகிறது. தோப்பை வெட்டுங்கள் என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்ல எனக்கு உரிமை இல்லை. தைவான் அரசு பாக்கு விவசாயிகளை மாற்றுப் பயிருக்குப் போகச் சொன்னபோது, அதற்குப் பணம் கொடுத்தது. இங்கே அப்படிக் கொடுக்காமல் விவசாயியை மட்டும் குற்றவாளி ஆக்குவதில் அர்த்தம் இல்லை. ஊடுபயிராக மிளகு, ஜாதிக்காய் என்று வருமானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துபவர்கள் இருக்கிறார்கள். அதை இந்த இதழின் வேளாண் பக்கத்துக்கு எழுதிக் கேளுங்கள். ஒன்று மட்டும் நம் கையில் இருக்கிறது. பாக்கு உரிக்கும் களத்தில் பிள்ளைகள் விளையாட்டாகச் சீவலை வாயில் போடுவார்கள். மாமியாரிடமிருந்து சுருக்குப் பையை வாங்கும்போது பேரப்பிள்ளைகள் கையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: “மழையில் நனைந்த வேர்க்கடலையில் பூசணம் பிடித்துவிட்டது. செக்கில் ஆட்டி எண்ணெயாக்கினால் விஷம் போய்விடும் என்கிறார்கள். பிண்ணாக்கை மாட்டுக்கு வைக்கலாமா?”

- ஒரு வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்.

பதில்: போகாது ஐயா. கடலையில் வரும் ஒரு வகைப் பூசணம் அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது வறுத்தாலும் வெந்தாலும் முழுசாக அழியாது. செக்கில் ஆட்டும்போது பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கும், கொஞ்சம் எண்ணெயிலும் வரும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் செத்தபோதுதான், தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கைத் துருவிப் போய் இந்த நஞ்சையே கண்டுபிடித்தார்கள். மாட்டுக்கு வைத்தால் அதன் இன்னொரு வடிவம் பாலில் இறங்கும். அந்தப் பாலை உங்கள் வீட்டுக் குழந்தையும் குடிக்கும்.

மேலே பாக்குக்குச் சொன்ன அதே குவானின்தான் இங்கேயும். நம் கல்லீரலே இந்த நஞ்சை வெளியேற்ற முயன்று, ஆக்ஸிஜன் ஏற்றி வீரியமாக்கிவிடுகிறது. அது குவானினில் போய் ஒட்டுகிறது. கல்லீரல் புற்று வந்தவர்களில், இந்த நஞ்சு அதிகம் உள்ள ஊர்க்காரர்களிடம் பி53 மரபணுவில் குறிப்பிட்ட ஒரே இடத்தில் பிழை இருப்பதை 1991-ல் கண்டுபிடித்தார்கள். குற்றவாளி கைரேகை விட்டுப் போன மாதிரி. ஹெபடைட்டிஸ் பி கிருமி உடம்பில் இருப்பவர்களுக்கு ஆபத்து பல மடங்கு கூடும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. வீட்டில் பிறக்கும் குழந்தைக்குத் தவறாமல் போடுங்கள்.

பூசணம் பிடித்தது, சுருங்கியது, நிறம் மாறியது எல்லாவற்றையும் கையால் பொறுக்கித் தனியே எடுத்து, எருக்குழியில் போடாமல் எரித்துவிடுங்கள். மீதியைத் தார்ப்பாயில் பரப்பி, காயைக் காதருகே ஆட்டினால் பருப்பு கலகலவென்று சத்தம் போடும்வரை காய வையுங்கள். பருப்பில் ஈரம் 8 சதவிகிதத்துக்குக் கீழே இறங்கிய பிறகே மூட்டை பிடிக்க வேண்டும். மூட்டையைத் தரையில் வைக்காமல் கட்டை அடுக்கி அதன் மேல் வையுங்கள்.